கரி பூசிய நாக்கு

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையைச் சொன்னால் கேட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருக்கு வேலை வாயைத் திறந்து காட்டுவது. பேச்சொலி ஆய்வுக்கூடம் என்று அங்கே ஒன்று இருக்கிறது. கரித்தூளை எண்ணெயில் குழைத்து, சின்ன பிரஷ்ஷால் அவர் நாக்கில் பூசுவார்கள். ஒரு சொல்லைச் சொல்லச் சொல்வார்கள். ஒரே தடவைதான். இரண்டாம் தடவை சொன்னால் தடம் கலைந்துவிடுமாம். சொன்னதும் வாயைப் பிளந்தபடியே உட்காரவேண்டும், எச்சிலை விழுங்கக் கூடாது. ஒரு கண்ணாடியை உள்ளே நுழைத்து மேலண்ணத்தைப் படம் பிடிப்பார்கள். நாக்கு எங்கே போய்ப் பட்டதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த ஒலி வாய்க்குள் எந்த இடத்தில் பிறந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்றில் அண்ணாந்து கிடந்தார். மோவாயிலிருந்து கறுப்பு எச்சில் கயிறாக இறங்கி ஒரு ஸ்டீல் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. படிக்கிற பெண் ஒருத்தி டிஷ்யூவால் அவர் கழுத்தைத் துடைத்தாள். என்னைப் பார்த்ததும் அவர் அந்த வாயோடு சிரித்தார். "சீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் ஒன்றும் பட்டு மெத்தையில் வளர்ந்தவள் இல்லை. ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவில் இருக்கிறேன். ஊரார் படுத்த விரிப்பு, துடைத்த துண்டு, வாந்தியெடுத்த தலையணை உறை, எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஆனால் அது முகம் தெரியாத அழுக்கு. கொதிநீரில் போட்டால் போயிற்று. நம்மோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற மனிதன், ஊருக்கெல்லாம் வாயைப் பிளந்து காட்டிவிட்டு, பல்லிடுக்கில் கரியோடு வந்து பக்கத்தில் உட்காருவதை எந்த சோடாவில் வெளுப்பது?

கல்யாணப் பேச்சு நடந்தபோது என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, "என் தம்பி வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவன்" என்று சொன்னார். எல்லாத் தம்பிகளைப் பற்றியும் எல்லா அக்காக்களும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். அது இவ்வளவு நேரடியான தகவல் என்று யாருக்குத் தெரியும்?

அவர் முதலில் ஒரு பல் மருத்துவமனையில் அச்சு வார்க்கிற வேலையில் இருந்தவர். கட்டுப்பல்லுக்காக மாவைக் குழைத்து வாயில் வைத்து அளவெடுப்பார்கள் இல்லையா, அதில் சுண்ணம் ஊற்றி எடுக்கிற ஆள். ஆய்வுக்கூடத்து மேடம் ஒரு நாள் மேலண்ணத்துக்கு அச்சு வேண்டும் என்று அங்கே வந்திருக்கிறார். யார் வாயிலாவது எடுத்துக் காட்டவேண்டுமே என்று இவர் தன் வாயைத் திறந்திருக்கிறார். தொண்டைவரை விரல் போயும் இவருக்கு உமட்டவில்லை. அடைத்த பல் ஒன்றுகூட இல்லை. வீடு வாங்க வந்தவர் கூரையைப் பார்ப்பதுபோல மேடம் டார்ச் அடித்துப் பார்த்தாராம். அடுத்த மாதமே இவர் அங்கே வேலையில் சேர்ந்துவிட்டார். மாணவர்கள் வைத்த பெயர் வாயண்ணன். "வாயண்ணன் வந்தாச்சா?" என்று வீட்டுக்கே போன் வரும். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

இவருக்கோ தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் மெச்சாத ஆளை வாய்க்காக மெச்சினால் வேறென்ன ஆகும்? சாப்பிட உட்கார்ந்தால் பாடம் ஆரம்பமாகும். மென்ற சோறு வாயில் இருக்கும்போதே நாக்கை நீட்டிக் காட்டுவார்.

"இங்க பாரு. த சொன்னா நுனி பல்லுல படும். ட சொன்னா நுனி பின்னால மடங்கும், அதனால அடி நாக்குக்கும் கரி பூசணும். ல சொன்னா நடுவுல அடைப்பு, ரெண்டு பக்கமும் காத்து போகும். ழ இருக்கே, அது எங்கயும் படாது. படத்துல அண்ணம் சுத்தமா இருக்கும்."

"முதல்ல வாயில இருக்கறதை முழுங்குங்க."

"எங்க அடைக்குது, எப்படி அடைக்குது, தொண்டை அதிருதா இல்லையா. இந்த மூணு தெரிஞ்சா எந்த ஒலியையும் அதோட வீட்டுல கொண்டுபோய் விட்டுடலாம். ப-வும் ம-வும் ஒரே வீடு. ரெண்டுக்கும் உதடுதான். மூக்குக்குப் போற கதவைத் திறந்தா ம, மூடினா ப. அவ்வளவுதான் வித்தியாசம்."

இந்தக் கடைசிப் பேச்சை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு பெண். பிறக்கும்போதே மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. ஊட்டிய பால் மூக்கு வழியாக வந்துவிடும். ஊருக்கே அண்ணத்தைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் அண்ணமில்லாத பிள்ளை. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "கரிநாக்கு வெச்சுக்கிட்டு என்னத்தைச் சொன்னானோ" என்று முணுமுணுத்தார். சொன்னால் பலிக்கிற நாக்கைத்தான் அவர் சொன்னார், தினமும் பூசுகிற கரியை அல்ல. இரண்டும் எனக்கு ஒன்றுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டு அனுப்பினேன்.

குழந்தைக்கு நடை வருவதற்கு முன்பே அறுவை செய்து பிளவைத் தைத்துவிட்டார்கள். பால் மூக்கில் வருவது நின்றது. டாக்டரம்மா, "பேச ஆரம்பிச்சதும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க, பேச்சைப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

பேச ஆரம்பித்தாள். என்னையும் அம்மா என்றாள், அவரையும் அம்மா என்றாள். தாத்தா அவள் வாயில் நாநா. காபி, சட்டை, பூட்டு என்று அடித்துச் சொல்லவேண்டிய எழுத்தெல்லாம் மூக்கில் கரைந்து போகும், இல்லையென்றால் தொண்டையில் ஒரு விக்கலாக நிற்கும். நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். அவள் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும். எனக்கே பாதி ஊகம்தான். பக்கத்துப் போர்ஷன்காரி, "என்ன சொல்றா?" என்று என்னைத்தான் கேட்பாள், அவளைக் கேட்கமாட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாங்க" என்றேன்.

அதற்கு இவர் சிரித்தார். "பேச்சைப் பார்க்கத்தானே? நாள்பூரா நான் வேற என்ன பார்க்கறேன்? அவங்க டார்ச் அடிச்சுப் பார்த்து என்ன சொல்லிடப் போறாங்க? நம்ம வீட்டுலயே ஆய்வுக்கூடம் இருக்கும்போது."

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை குனிந்து, உன் பேர் என்ன என்று கேட்டார். இவள் சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை கேட்டபோது இவள் என் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். "அறிவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படிப் பேசினா மத்த பிள்ளைங்க கேலி பண்ணியே இவளை ஊமையாக்கிடும். பேச்சைச் சரிபண்ணி அடுத்த வருஷம் கொண்டுவாங்க" என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் பிள்ளைக்கு இருந்தது ஒரு வருஷம்.

அன்று சாயந்திரமே அவர் கரியும் பிரஷ்ஷும் வாங்கிவந்தார். சாப்பாட்டு மேஜைமேல் பழைய துண்டை விரித்து, குழந்தையை அதில் உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவு வழியாக எல்லாம் கேட்டது. குழந்தை ஓங்கரித்தாள். "முழுங்காதே, முழுங்காதே" என்றார். கேமரா க்ளிக் என்றது. அப்புறம் ஒரே கொண்டாட்டம்.

"ஏம்மா, இங்க வந்து பாரேன். தாத்தான்னு சொல்லச் சொன்னேன். தடம் அச்சு அசலா என் வாய் மாதிரியே விழுந்திருக்கு. ட-வும் சரியா விழுந்திருக்கு. இடம் கொஞ்சம்கூடப் பிசகல."

"அப்புறம் ஏன் நாநான்னு வருது?"

"அழுத்தம் போதல. பழக்கம் இல்ல. சோம்பேறித்தனம், வேறென்ன? நாக்கு வீட்டுக்குச் சரியாப் போகுது, கதவைத் தட்டத்தான் மாட்டேங்குது."

பிடித்தது சனி. தினம் சாயந்திரம் அவர் வந்ததும் மேஜையில் துண்டு விரியும். த, ட, க, ச. அழுத்திச் சொல்லு. இன்னும் அழுத்து. எங்க, அப்பாவைப் பாரு. அப்பா வாயைப் பாரு. குழந்தை முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க அழுத்துவாள். அழுத்த அழுத்த மூக்கில்தான் சத்தம் அதிகமாகும். அவருக்குக் கோபம் வரும். கையை ஓங்கமாட்டார், அந்தக் குணம் கிடையாது. "மனசு வெச்சா முடியும், நீ மனசு வைக்கல" என்பார். அடித்திருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். கவுன் பூராவும் கறுப்பு எச்சில். தேய்த்துத் தேய்த்து என் நகக்கண்ணெல்லாம் கரி. சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாலே எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அவரிடம் பேச்சே இல்லை. அப்புறம் என்னிடமும் இல்லை. வேண்டியதை விரலால் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி பண்ணி ஊமையாக்கும் என்று அந்த அம்மா பயந்தார். அந்த வேலையை நாங்கள் வீட்டிலேயே முடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. ஒரு காலை நேரம். அவர் வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். கையில் அவளுடைய பொம்மை. பையில் என்னவோ தேடும்போது எடுத்தது, வைக்க மறந்து அப்படியே கிளம்புகிறார். நான் குழந்தையின் மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தேன். பச்சைச் சளி, கைக்குட்டை நனைந்து என் விரலெல்லாம் ஒட்டியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்கை அழுத்திப் பிடித்திருந்தேன். பொம்மை போகிற பதைப்பில் அவள் பல நாள் கழித்து வாயைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா."

வேறு யாரோ பிள்ளை கூப்பிட்டது என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார், தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கையை எடுத்தேன். "அம்மா" என்றாள், அவரைப் பார்த்து. அந்தச் சளிக் கையாலேயே மறுபடி மூக்கைப் பிடித்தேன்.

"கூப்பிடு கண்ணு."

"அப்பா. பொட்டியில வை."

பொம்மையைப் பெட்டியில் வைக்கச் சொல்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் தெறித்தது. அவர் கையிலிருந்து பொம்மை கீழே விழுந்தது.

குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு நான் கேட்டேன். கத்தவில்லை.

"ப-வும் ம-வும் ஒரே வீடுன்னு சொன்னது யாரு? மூக்குக் கதவு மூடலன்னா ப வராதுன்னு சொன்னது யாரு? வாயில சோத்தை வெச்சுக்கிட்டு என்கிட்ட சொன்னீங்களே. பெத்த பொண்ணு உங்களை அம்மா அம்மான்னு கூப்பிட்டப்போ அது எங்க போச்சு?"

அவர் குனிந்து பொம்மையை எடுத்தார். அப்புறம் சொன்னார். "கரி மூக்குல ஒட்டாதே."

"என்னது?"

"நாக்கு பட்ட இடத்தை மட்டும்தான் கரி காட்டும். தடம் சரியா விழுந்துச்சு. அதனால எல்லாம் சரின்னு நினைச்சுட்டேன். பக்கத்து ரூம்ல மூக்குக் காத்தை அளக்கற மெஷின் இருக்கு. முகத்துல ஒரு மூடி வெப்பாங்க. அது வேற ஆளுங்க வேலை. நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறேன். இந்த மனிதர் வெண்ணெய் இருக்கிற அறைக்கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த அருவருப்புக்கு முன்னால் அந்தக் கறுப்பு எச்சில் எல்லாம் ஒன்றுமே இல்லை. காற்று மூக்கில் கசிகிற பிள்ளையை, நாக்கை அழுத்து, மனசு வை என்று மாதக்கணக்கில் வதைத்திருக்கிறார். அவளும் அழுத்தியிருக்கிறாள். தன் மனசில்தான் ஏதோ கோளாறு என்று நம்பியிருக்கிறாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடியை அவள் மூக்குக்குக் கீழே பிடித்து, "பாப்பா" சொல்லச் சொன்னார். மூக்குக் காற்றில் கண்ணாடி பனித்தது. அவ்வளவுதான் பரிசோதனை. தைத்த அண்ணத்தின் பின்பகுதி குட்டையாக இருக்கிறது, தொண்டைச் சுவர்வரை எட்டவில்லை, அதனால் மூக்குக் கதவு மூடுவதில்லை, இன்னொரு அறுவை செய்யவேண்டும் என்றார். "பேச ஆரம்பிச்சதும் வரச் சொன்னேனே, ஏன் வரல?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். வாயைத் திறப்பதே வேலையான மனிதருக்கு அப்போது வாய் திறக்கவில்லை.

அறுவை நடந்தது. தையல் ஆறியபின் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் கரியைத் தொடவில்லை. மேஜையில் காகிதத் துணுக்குகளை வைத்து ஊதச் சொன்னாள். கையை வாய்க்கு முன்னால் வைத்து, ப சொல்லும்போது காற்று வந்து அடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பழகிப்போன தொண்டை விக்கலை விடுவிக்கத்தான் நாளாயிற்று. குழந்தை மெதுவாக என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்தாள். ப வந்தது, த வந்தது. ச மட்டும் இழுத்தடித்தது. அதற்குக் காற்றை நிறையச் சேர்த்துவைக்கவேண்டுமாம், கடைசியில்தான் வரும் என்றாள் அந்தப் பெண்.

ஆனால் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொள்வாள், யாரோ பிரஷ்ஷோடு வருகிற மாதிரி. அவர் வீட்டிலிருந்த கரியையும் பிரஷ்ஷையும் குப்பையில் போட்டார், அவள் பார்க்கும்படியாகவே போட்டார். வேலை முடிந்ததும் எலுமிச்சைச் சாறு விட்டுக் கொப்பளித்து, பல் தேய்த்து, வெள்ளை வாயோடு வந்தார். பிரயோஜனமில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. தலைமையாசிரியையிடம் தன் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தாள். சொல்லும்போது அவரை வெளியே நிற்கச் சொன்னோம். அவர் நின்றார், ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. நான் பரிதாபப்படவில்லை. இப்போதும் படவில்லை என்றுதான் சொல்வேன்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. அவர் கொப்பளிக்காமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் குழந்தையும் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். நேராகக் குழாயடிக்குத்தான் போனார், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு. வழியில் அவள் பள்ளிக்கூடப் பை கிடந்தது. கால் தடுக்கி மண்டிபோட்டு விழுந்ததில், பொத்திய கை விலகி, வாய் பிளந்துகொண்டது. பல், ஈறு, உதடு எல்லாம் கரி. ஒரு கறுப்பு எச்சில் தெறித்து அவள் ரொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.

குழந்தை ரொட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள். என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் இத்தனை வருஷமும்.

"சீ. வாயைக் கழுவுப்பா."

ச. அந்த இழுத்தடித்த ச. கத்தரி வெட்டினமாதிரி வந்தது. அது யாருடைய சொல் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் தினமும் என் வாயிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த சொல்.

அவர் தரையில் மண்டிபோட்டபடியே இருந்தார். வாயை மூட மறந்துவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கையில் பிரஷ் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"சீ" என்றாள், இன்னும் அழுத்தமாக. "போப்பா, நாறுது."

அவர் சிரித்தார். எச்சில் மோவாயில் இறங்கி, கழுத்தில் இறங்கி, வெள்ளைச் சட்டைக் காலரை நனைத்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் சளைக்காமல் அவரைச் சீ என்றுகொண்டே இருந்தாள்.

அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை. கொடியில் பார்க்கும்போதெல்லாம் குமட்டுகிறது.